சுற்றுச்சூழல் பொருளியலில் முனைவர் பட்டம்: மதுரைப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். என் முனைவர் பட்டத்துக்கு மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தை எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் அலைந்தேன். காலநிலை மாற்றம், சுற்றுச்சூழல் கொள்கை என்று ஆராய்ச்சி செய்ய நினைக்கும் பிள்ளைகள் வருடா வருடம் வருகிறார்கள். சில நேரம் அவர்களுடைய பெற்றோரும் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

"மேடம், கிளைமேட் சேஞ்ச்னா சயின்ஸ்காரங்க வேலைதானே? எகனாமிக்ஸுக்கு இதுல என்ன இருக்கு?"

வானம் ஏன் சூடாகிறது என்பதை அறிவியல் சொல்லும். தெரிந்தும் ஏன் யாரும் நிறுத்தவில்லை என்பதைப் பொருளியல்தான் கேட்கிறது. ஒரு சாயப்பட்டறை கழிவை ஆற்றில் விடுகிறது என்று வையுங்கள். லாபம் பட்டறைக்காரருக்கு. கெட்டுப்போன கிணற்றுக்கான செலவு கீழே இருக்கும் விவசாயிக்கு. அந்தச் செலவு துணியின் விலையில் ஏறவே இல்லை. இதைத்தான் புறவிளைவு என்கிறோம். அந்த விடுபட்ட செலவை வரியாகப் போட்டு விலைக்குள் கொண்டுவரலாம் என்று ஆர்தர் பிகூ 1920-லேயே எழுதிவிட்டார்.

கரியமிலவாயுவும் இதே கதைதான், அளவு மட்டும் பெரியது. புகை விடுபவர் ஒரு கண்டத்தில் இருப்பார், பாதிக்கப்படுபவர் இன்னொரு கண்டத்தில் இருப்பார், பாதி பேர் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்கள். உலகம் கண்டதிலேயே மிகப் பெரிய சந்தைத் தோல்வி இதுதான் என்று 2006-இல் பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டெர்ன் பிரிட்டன் அரசுக்காக எழுதிய ஸ்டெர்ன் அறிக்கை சொன்னது அதனால்தான். செலவு யார் தலையில், பலன் யார் கையில், எந்தக் காலத்தில்? இந்த மூன்றையும் விடாமல் கேட்பதுதான் நம் வேலை. கீழே வரும் பதில்களிலும் இந்த மூன்று கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

"எம்.ஏ. எகனாமிக்ஸ் படிச்சாதான் சேர முடியுமா? நான் பி.எஸ்சி. அக்ரி."

சேரலாம். வேளாண்மை படித்தவர்கள் எம்.எஸ்சி.யில் வேளாண் பொருளியல் எடுத்துக்கொண்டு அதே வழியில் முனைவர் பட்டத்துக்குப் போவது வழக்கமான பாதை. பயிர் தெரிந்தவருக்கு எங்களைவிட ஒரு படி முன்தொடக்கம் இருக்கிறது என்றே சொல்வேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி எம்.பில். இனி இல்லை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நான்கு ஆண்டு இளங்கலை படித்து 75 சதவீதம் வாங்கியவர்கள் நேரடியாகவே வரலாம். பட்டியல், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் காமராசர் பல்கலைக்கழகம், காந்திகிராமம், மதுரை வேளாண் கல்லூரி ஆகிய இடங்களில் முதலில் விசாரியுங்கள். சுற்றுச்சூழல் பொருளியலிலேயே ஆழமாகப் போக நினைப்பவர்கள் சென்னைப் பொருளியல் பள்ளியையும் பார்க்க வேண்டும். எங்கே போனாலும் இடத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பாருங்கள். அவர் கடைசி ஐந்து வருடத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துவிட்டுப் போய்ப் பேசுங்கள்.

"கணக்கு எனக்கு வராது. சமாளிச்சிடலாமா?"

சமாளிக்க முடியாது, ஆனால் கற்றுக்கொள்ளலாம். புள்ளியியலும், ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் ரிக்ரஷனும் கை வசமாக வேண்டும். ஒரே கிராமத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்க்கும் பேனல் தரவை அலசத் தெரிய வேண்டும். புள்ளியியலுக்கு ஆர், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், இரண்டும் இலவச மென்பொருள்கள். முதல் வருடம் முழுக்க இதற்கே போனாலும் கவலைப்படாதீர்கள்.

"மதுரையில உட்கார்ந்துகிட்டு இதுல என்ன பண்ண முடியும்? சென்னை, டெல்லி போனாதானே ஆகும்?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். உலகத்தில் இந்தத் துறையில் இருப்பவர்கள் தேடிப் போகிற பொருள் நம் வாசலில் கிடக்கிறது. பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. கேரள மலையில் பெய்யும் மழை சுரங்கம் வழியாகத் திரும்பி வைகைக்கு வந்து, பேரணையில் பிரிந்து வாய்க்காலில் ஓடி, கண்மாய் கண்மாயாக நிரம்புகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கள்ளந்திரிக்கு மேலும் கீழும் இருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் மண் ஒன்று, சாதிக்கட்டு ஏறக்குறைய ஒன்று, சந்தை ஒன்று. தண்ணீர் உரிமை மட்டும் வேறு. ஆராய்ச்சிக்காரருக்கு இதைவிட நல்ல அமைப்பு சுலபத்தில் வாய்க்காது. மழையையே பெரிதும் நம்பியிருக்கும் உசிலம்பட்டி, பேரையூர் மானாவாரிக் காடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கண்மாய் இன்னொரு பெரிய கேள்வி. பொதுவளம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்று பலர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஊர்க்காரர்களே விதி வைத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுவதும் இருந்து சான்று காட்டினார் எலினோர் ஆஸ்ட்ரோம். 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் சொன்ன விதிகளைப் படிக்கும்போது, யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று பார்த்துக்கொள்ளும் நீர்ப்பாய்ச்சியும், வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஓர் ஆள் என்று, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்டப் போகும் குடிமராமத்தும் எனக்குக் கண்முன் வந்தன. ஊரில் ஆளுக்கொரு போர் போட்ட பிறகு அந்த ஏற்பாடு ஏன் தளர்ந்தது? மழை இன்னும் தாறுமாறாக ஆனால் மறுபடி தேவைப்படுமா? 2017-இல் அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் திட்டம் கொண்டுவந்ததே, அதில் ஊரின் பங்கு எவ்வளவு, ஒப்பந்ததாரரின் பங்கு எவ்வளவு? ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேடு.

நகரத்துக்குள்ளும் வேலை இருக்கிறது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் ஏறும் தெருவில் வீட்டு வாடகையும் மனை விலையும் குறைகிறதா, யார் அங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்று இன்னும் நிறையப் பேர் ஆராய வேண்டும்.

"எங்க கைடு 'காலநிலை மாற்றமும் தமிழ்நாட்டு வேளாண்மையும்'னு தலைப்பு கொடுத்திருக்கார். ஓகேவா?"

அது தலைப்பு இல்லை, ஒரு துறையின் பெயர். வழிகாட்டியிடம் மரியாதையாகப் பேசிச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒரு பயிர், ஒரு வட்டாரம், ஒரு கேள்வி போதும்.

மல்லியை எடுத்துக்கொள்வோம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. மார்கழி, தை பனியில் வரத்து அடியோடு விழும், மாட்டுத்தாவணியில் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறும். விளைச்சல் குறையும்போது விலை ஏறுவதால் விவசாயியின் வருமானம் ஓரளவு தானாகவே காப்பாற்றப்படுகிறதா? அப்படியானால் வெறும் விளைச்சல் இழப்பை மட்டும் கணக்கிட்டு "பருவநிலையால் இத்தனை நட்டம்" என்று சொல்வது தவறாகிவிடும். ஏறிய விலையில் தோட்டக்காரருக்கு எவ்வளவு, கமிஷன் கடைக்கு எவ்வளவு, விடியுமுன் பூ எடுக்கும் பெண்ணுக்கு எவ்வளவு? எடுக்கப் பூவே இல்லாத நாளில் அந்தப் பெண்ணின் கூலி என்ன ஆகிறது? விலை ஏறியது அவளுக்கு எந்த உதவியும் செய்யாது. இதுதான் தலைப்பு. முதல் பதிலில் சொன்ன மூன்று கேள்வியும் இதற்குள் இருப்பதைப் பாருங்கள்.

"டேட்டா எங்கே வாங்குறது? காசு கட்டணுமா?"

பெரும்பாலும் இலவசம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதல் நாள்வாரி மழை அளவைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். மாவட்ட வாரியாகப் பயிர்ப் பரப்பும் விளைச்சலும் மாநிலப் பொருளியல் புள்ளியியல் துறையின் 'பருவமும் பயிரும்' அறிக்கையில் கிடைக்கும். இக்ரிசாட் என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1966 முதலான மாவட்டத் தரவை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது.

கிராம அளவில் வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல்தான். ஒன்று கவனியுங்கள்: அடங்கலில் நெல் என்று இருக்கும் இடத்தில் நேரில் போனால் கருவேலமரம் நிற்கலாம். பத்து சர்வே எண்ணையாவது நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

"மழை குறைஞ்சா விளைச்சல் குறையும், எங்க அப்பத்தாவே சொல்லும். இதுக்கு ஒரு பிஎச்.டி.யா?"

அப்பத்தா சொல்வது வானிலை. நாம் கேட்பது காலநிலை. ஒரு வருடம் மழை பொய்த்தால் அந்த வருடம் நட்டம். அது ஒரு அளவு. முப்பது வருடமாக மழை மாறிக்கொண்டே போனால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நெல்லை விட்டு மக்காச்சோளம் போடுவார்கள், கிணறு வெட்டுவார்கள், மகனைத் திருப்பூருக்கு அனுப்புவார்கள். அந்தத் தகவமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் வேறு எண்ணாக வரும். மெண்டல்சன், நார்ட்ஹாஸ், ஷா என்ற மூன்று பொருளியலாளர்கள் 1994-இல் நிலத்தின் மதிப்பை வைத்து இதை அளந்தார்கள். விவசாயிகள் மாற்றிக்கொண்டதும் நிலத்தின் விலையில் தெரியும் என்பதால் அந்த முறையில் தகவமைப்பு உள்ளே வந்துவிடும், ஆனால் மண்ணும் பாசனமும் ஊருக்கு ஊர் வேறுபடுவது கணக்கைக் குழப்பும். 2007-இல் டெஷேனும் கிரீன்ஸ்டோனும் ஒரே மாவட்டத்தின் வருடா வருட ஏற்ற இறக்கத்தை வைத்து அளந்தார்கள். அதில் குழப்பம் குறைவு, ஆனால் நீண்டகாலத் தகவமைப்பு விட்டுப்போகும். எந்த முறை எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதில்தான் ஆராய்ச்சி இருக்கிறது.

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மேலூரில் பெய்த மழையை வைத்து மேலூர் நெல்லைக் கணக்கிட்ட ஒரு ஆய்வேட்டு வரைவை நான் படித்தேன். அந்த நெல்லுக்குத் தண்ணீர் தந்ததில் பெரும்பங்கு தேக்கடியில் பெய்த தென்மேற்குப் பருவமழைக்கு. மழைக் கட்டத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று வாய்க்கால் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

"டிஸ்கவுண்ட் ரேட்டுனு ஸ்டெர்னும் நார்ட்ஹாஸும் சண்டை போட்டாங்களாமே, ஒரு எண்ணுக்கு இவ்வளவு சண்டையா?"

ஆமாம், அந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. டிஸ்கவுண்ட் ரேட், அதாவது கழிவு வீதம், என்பது வட்டிக்கணக்கைத் திருப்பிப் போடுவது. நூறு வருடம் கழித்து வரப்போகும் ஒரு லட்ச ரூபாய் நட்டத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவு செய்யலாம்? ஸ்டெர்ன் அறிக்கை பக்கத்தில் வரும் 1.4 சதவீதக் கழிவு வீதத்தில் கணக்கிட்டால் சுமார் 25,000 ரூபாய். நார்ட்ஹாஸ் பக்கத்தில் வரும் 4.5 சதவீதத்தில் கணக்கிட்டால் சுமார் 1,200 ரூபாய். முன்னது உடனே பெரிய நடவடிக்கை கேட்கும். பின்னது மெதுவாகப் போகலாம் என்று சொல்லும். நார்ட்ஹாஸுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. அதனால் சண்டை முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். இன்னும் பிறக்காதவருக்கு நம்மைவிடக் குறைந்த மதிப்பு தரலாமா என்ற நியாயக் கேள்வி அதற்குள் இருக்கிறது. தரக்கூடாது என்பது என் நிலை.

தனிமனிதரின் வீதத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கும் சம்சாரிக்கு வருடத்துக்கு 24 சதவீதம் போகிறது. ஏழு வருடத்தில் காசு திரும்பும் சொட்டுநீர்க் குழாயை அவர் போடவில்லை என்றால் அது அறியாமை இல்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மானியம், கடன் பற்றிய கொள்கையை எழுதுபவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

"கார்பன் வரி போட்டா ஏழைங்க தலையிலதானே விடியும்?"

விடியலாம், விடியாமலும் போகலாம். வரிப்பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. இந்தியா 2010-லேயே நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி போட்டது. 2016-இல் அது 400 ரூபாய் ஆனது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியில் கரைந்துவிட்டது. நிலக்கரியின் விலை ஏறினால் மின்சாரம், சிமெண்ட், பஸ் கட்டணம் என்று எங்கெல்லாம் பரவுகிறது, எந்த வருமானக் குடும்பத்துக்கு எத்தனை சதவீதம் என்று நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். வசூலான பணத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சமமாகத் திருப்பிக் கொடுத்தால், எரிபொருள் குறைவாகச் செலவழிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு மிச்சமே வரக்கூடும்.

வரிக்குப் பதில், விடும் புகையின் மொத்த அளவுக்கு வரம்பு வைத்து, அதற்கான உரிமங்களை வாங்கவும் விற்கவும் விடலாம். விலையா அளவா என்று எப்போது எதைத் தேர்வது என 1974-இல் வெயிட்ஸ்மன் எழுதியதை முதுகலையிலேயே படித்துவிடுங்கள். சூரத்தில் 2019 முதல் தொழிற்சாலைத் தூசுக்கு இப்படி ஒரு சந்தை நடத்தினார்கள். புகைத்தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. நம் நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று சொல்பவர்களுக்கு அதுதான் பதில். 2023-இல் இந்தியா கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. இறக்குமதியாகும் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்காக வாங்கும் ஐரோப்பிய எல்லை வரி பற்றியும் பலர் கேட்கிறார்கள். இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை அதில் உள்ளன. ஜவுளி அந்தப் பட்டியலில் இல்லை. "ராஜபாளையம் நூற்பாலைகள் மீது ஐரோப்பியக் கார்பன் வரி" என்று தலைப்போடு வந்த ஒரு மாணவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

"இலவச மின்சாரம் நிலத்தடி நீரைக் குறைக்குதுனு எழுதினா விவசாயிக்கு எதிரா எழுதின மாதிரி ஆகிடாதா? ஊர்ல எப்படி முகத்தைக் காட்டுறது?"

எனக்கும் இந்தப் பயம் இருந்தது. தமிழ்நாட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். கூடுதலாக ஒரு மணி நேரம் இறைக்க மின்செலவு இல்லை என்றால் கூடுதலாகத்தான் இறைப்போம்; நான் இறைத்தால் பக்கத்துக் கிணறு வற்றும். முதல் பதிலில் சொன்ன புறவிளைவேதான். இதை மறைத்து எழுத முடியாது.

ஆனால் அங்கேயே நிறுத்தினால் பாதி ஆராய்ச்சிதான். ஆழ்துளைக்குப் பணம் இருப்பவர் ஆயிரம் அடிக்குப் போகிறார். பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு வற்றுகிறது, இலவச மின்சாரம் இருந்தும் அவருக்குப் பயனில்லை. அப்படியானால் இன்றைய ஏற்பாட்டில் அதிகம் இழப்பவர் யார்? சலுகையை எடுக்காமலே, மிச்சப்படுத்திய மின்சாரத்துக்குக் கையில் காசு கொடுத்தால் இறைப்பு குறையுமா? இப்படிக் கேட்டுப் போனால் ஊரில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். பேசியிருக்கிறார்கள்.

"மலைக்கும் கண்மாய்க்கும் ரூபாயில விலை போடுறது பாவமில்லையா மேடம்?"

அரிட்டாபட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கை, குடைவரைக் கோயில், ஊருணிகள் எல்லாம் அங்கே. அதைச் சேர்த்து 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்டார்கள். ஊர் ஊராகக் கிளம்பி மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுரங்கத்தின் பக்கம் டங்ஸ்டனின் சந்தை விலை எண்ணாக இருந்தது. மலையின் பக்கம் எண்ணே இல்லை. விலை போடாவிட்டால் அரசுக் கோப்பில் அந்த இடத்தில் பூஜ்யம் எழுதப்படும். அதனால்தான் சிலர், அந்த இடம் எவ்வளவு மதிப்பு என்று மக்களிடமே கேட்டு அளக்கப் பார்க்கிறார்கள்.

எக்ஸான் வால்டெஸ் கப்பல் 1989-இல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டிய பிறகு இந்த அளவீட்டு முறை பெரிய சர்ச்சையானது. பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான குழு 1993-இல் அதை எப்படிக் கவனமாகச் செய்யலாம் என்று நெறிமுறை வகுத்தது. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடும். "காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள்" என்பதும் "இழக்க எவ்வளவு கேட்பீர்கள்" என்பதும் ஒரே எண்ணைத் தராது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் முதல் கேள்வியைக் கேட்டேன். ஒரு பெரியவர், "தாயி, எங்க சாமி மலையைக் காப்பாத்த நாங்க எதுக்குக் காசு குடுக்கணும்? எடுக்க வர்றவன்ல குடுக்கணும்" என்றார். உரிமை யாருடையது என்பதைத் தீர்மானிக்காமல் என் படிவம் தொடங்கியிருந்தது. அன்று மாலை படிவத்தை மாற்றினேன். பதில் சொல்ல மறுத்தவர்களை பூஜ்யம் என்று போடாமல், ஏன் மறுத்தார்கள் என்று எழுதும் இடத்தையும் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் எண் கிடைக்காது என்பதை ஆய்வேட்டிலேயே சொல்லலாம், சொல்ல வேண்டும்.

"வேலை கிடைக்குமா? வீட்டுல அதைத்தான் கேக்குறாங்க."

நெட் தேர்வில் மேலே வருபவருக்குத் தரும் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். கிடைக்காவிட்டால் அந்த ஐந்து வருடம் கடினம், அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு கல்லூரி ஆசிரியர் பணி, நபார்டு போன்ற நிறுவனங்கள், மாநில அரசின் காலநிலைத் திட்டங்கள், மதுரையிலேயே தலைமையகம் வைத்துக் கண்மாய் வேலை செய்யும் தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் உண்டு. தரவை அலசத் தெரிந்தவரை எல்லா இடத்திலும் தேடுகிறார்கள்.

"நாலு வருஷம் உழைச்சு, நாம நெனச்சதுக்கு மாறா முடிவு வந்தா என்ன பண்றது?"

எனக்கு அப்படித்தான் வந்தது. தூர்வாரிய கண்மாய்களின் ஆயக்கட்டில் நெல் விளைச்சல் கூடியிருக்கும் என்று நம்பித்தான் தொடங்கினேன். என் கணக்கில் தூர்வாரிய ஊருக்கும் வாராத ஊருக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. மூன்று மாதம் கணக்கில் தப்பு தேடினேன். கணக்கு சரியாகவே இருந்தது.

பிறகு மறுபடியும் ஊருக்குப் போனேன். நீர்ப்பாய்ச்சி ஒருவர் என்னைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போகாமல் எதிர்ப்பக்கம் இரண்டு கிலோமீட்டர் நடத்தினார். வரத்துக்கால் பாதி வழியில் மனைக்கற்களுக்கு நடுவே முடிந்திருந்தது. ஆழமாகத் தூர்வாரிய கண்மாய்க்குத் தண்ணீர் வரவே வழியில்லை. ஊர்களை வரத்துக்கால் இருக்கிறது, அறுந்துவிட்டது என்று இரண்டாகப் பிரித்து மறுபடி கணக்குப் போட்டேன். நான்காம் அத்தியாயம் அதிலிருந்து வந்தது. தூர்வாருவதற்குச் செலவு செய்யுமுன் வரத்துக்காலை அளங்கள் என்பதுதான் அதன் பரிந்துரை. பழைய முடிவையும் நீக்காமல் மூன்றாம் அத்தியாயத்தில் அப்படியே வைத்தேன்.